5400-ஆ, 7200-ஆ, எஸ்எஸ்டியா? மாணவர் லேப்டாப்புக்கு டிஸ்க் தேர்ந்தெடுக்கும் முழுமையான வழிகாட்டி

கல்லூரி சேரும் பிள்ளைக்கு லேப்டாப் வாங்கும் வீட்டிலும், பழைய லேப்டாப்பை இன்னும் இரண்டு வருடம் ஓட்டப் பார்க்கும் விடுதி அறையிலும் ஒரே கேள்விதான் வருகிறது: ஹார்ட் டிஸ்க் 5400 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு 5400 சுற்று) போதுமா, 7200 வேண்டுமா?

லேப்டாப்புக்குள் இரண்டுமே வேண்டாம் என்பது என் பதில். உள்ளே எஸ்எஸ்டி, அதாவது சுழலும் தகடு இல்லாமல் சிப்பில் சேமிக்கும் டிஸ்க், இருக்கட்டும். ஹார்ட் டிஸ்க் வெளியே, பேக்கப்புக்கு இருக்கட்டும். ஆனால் இதைக் கேட்டதும் நேராகக் கடைக்குப் போகிறவர்கள்தான் அதிகம் தடுமாறுகிறார்கள். ஸ்லாட்டில் நுழையாத எஸ்எஸ்டியோடு திரும்பி வருகிறார்கள், அல்லது பேக்கப் எடுக்காமல் டிஸ்கைக் கழற்றிவிடுகிறார்கள். அதனால் கீழே உள்ள வரிசையை மாற்றாமல் போங்கள். புது லேப்டாப் வாங்குபவர்களுக்கு 2 முதல் 6 வரை போதும்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

லேப்டாப்பின் சரியான மாடல் எண் முதல் தேவை. கம்பெனி பெயரும் வரிசைப் பெயரும் மட்டும் போதாது. அடிப்பக்க ஸ்டிக்கரில் உள்ள முழு எண் வேண்டும். ஒரே வரிசையில் ஒரு மாடலுக்கு எம்.2 ஸ்லாட் (அட்டை வடிவ எஸ்எஸ்டி நுழையும் இடம்) இருக்கும், அடுத்ததற்கு இருக்காது.

அப்புறம், 8 ஜிபி அல்லது அதற்கு மேற்பட்ட பென் டிரைவ் ஒன்று, உங்கள் ஃபைல்கள் அனைத்தும் கொள்ளும் வெளி டிஸ்க் ஒன்று, சின்ன ஸ்டார் ஸ்க்ரூடிரைவர், மூடியை நெம்ப ஒரு பழைய பிளாஸ்டிக் கார்டு. இரும்பு ஸ்க்ரூடிரைவரால் மூடியை நெம்பினால் உள்ளிருக்கும் கொக்கிகள் உடையும்.

1. டிஸ்க்தான் காரணமா என்று முதலில் பாருங்கள்

லேப்டாப் மெதுவாக இருக்கிறது என்றால் டிஸ்க்தான் காரணம் என்று எடுத்துக்கொள்ள முடியாது. ரேம் பற்றாமல் போனாலும் இதே தொல்லைதான் தெரியும்.

கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் பெர்ஃபார்மன்ஸ் பகுதிக்குப் போங்கள். டிஸ்க் என்ற இடத்தின் கீழ் எஸ்எஸ்டி அல்லது ஹெச்டிடி (ஹார்ட் டிஸ்க்) என்று எழுதியிருக்கும். லேப்டாப்பை ஆன் செய்து சில நிமிடம் ஆன பிறகும் டிஸ்க் 100 சதவீதத்திலேயே நின்று, வேலை எதுவும் நகராமல் இருந்தால் சந்தேகம் டிஸ்க் மேல் விழுகிறது.

ஆனால் அதே திரையில் மெமரியையும் பாருங்கள். 4 ஜிபி ரேம் முழுவதும் நிரம்பியிருந்தால், விண்டோஸ் இடமில்லாத பகுதியை டிஸ்கில் எழுதி, வேண்டும்போது திரும்ப எடுக்கும். அப்போது டிஸ்க் 100 சதவீதம் காட்டும். மூல காரணம் ரேம். பலர் இந்த இடத்தில்தான் பாதியை மட்டும் பார்த்துவிட்டு முடிவெடுக்கிறார்கள்.

4 ஜிபி ரேமும் ஹார்ட் டிஸ்க்கும் உள்ள லேப்டாப்புக்கு இரண்டுமே மாற வேண்டும். கையில் ஒன்றுக்குத்தான் பணம் இருக்கிறது என்றால் எஸ்எஸ்டியை முதலில் போடுங்கள். ரேம் நிரம்பி டிஸ்கை நாடினாலும், அந்த டிஸ்க் வேகமாகப் பதில் சொல்லும்.

கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளையும் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். டிஸ்க் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது, உடல்நிலை எப்படி என்பதைக் காட்டும். மஞ்சள் நிறத்தில் எச்சரிக்கை வந்தால், படிக்க முடியாத செக்டர்கள் சேர ஆரம்பித்துவிட்டன என்று பொருள். அப்படியானால் வாங்குவது, தேர்ந்தெடுப்பது எல்லாம் பிறகு. உடனே 7-க்குப் போய் பேக்கப் எடுங்கள்.

2. ஆர்பிஎம் எண் உண்மையில் சொல்வது என்ன

ஹார்ட் டிஸ்கில் ஒரு ஃபைலைப் படிக்க இரண்டு காத்திருப்புகள் உண்டு. படிக்கும் முனை சரியான தடத்துக்கு நகர வேண்டும். பிறகு, தகடு சுழன்று வேண்டிய இடம் முனைக்குக் கீழே வர வேண்டும். குடை ராட்டினத்தில் நமக்குப் பிடித்த குதிரை சுற்றி வரும்வரை நிற்பதுபோல.

ஆர்பிஎம் எண் இந்த இரண்டாவது காத்திருப்பை மட்டும்தான் குறைக்கிறது. 5400-ல் ஒரு சுற்றுக்கு 11.1 மில்லிசெகண்ட். சராசரியாகப் பாதிச் சுற்று காத்திருக்க வேண்டும், அதாவது 5.6. 7200-ல் ஒரு சுற்றுக்கு 8.3, சராசரிக் காத்திருப்பு 4.2. வித்தியாசம் 1.4 மில்லிசெகண்ட்.

லேப்டாப் டிஸ்கில் முனை நகர ஏறக்குறைய 12 மில்லிசெகண்ட் ஆகும். கூட்டிப் பாருங்கள்: ஒன்றில் 17.6, இன்னொன்றில் 16.2. பத்து சதவீதம்கூட மிச்சமில்லை. எஸ்எஸ்டியில் சுழலும் தகடும் இல்லை, நகரும் முனையும் இல்லை. அதே வேலை 0.1 மில்லிசெகண்ட் அளவில் முடிகிறது.

இது ஏன் முக்கியம் என்றால், விண்டோஸ் ஆன் ஆகும்போதும், பிரௌசர் திறக்கும்போதும், புரோகிராம் கம்பைல் ஆகும்போதும் ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன ஃபைல்கள் படிக்கப்படுகின்றன. ஒவ்வொன்றுக்கும் அந்தக் காத்திருப்பு சேருகிறது. மாணவரின் நாள் முழுக்க இந்த மாதிரி வேலைதான்.

7200 உதவும் இடமும் உண்டு. பெரிய வீடியோ ஒன்றை நகலெடுக்கும்போது டிஸ்க் வரிசையாகப் படிக்கிறது. அங்கே சுழலும் வேகம் நேரடியாகப் பலன் தரும். அதிலும் ஒரு சிக்கல்: தகட்டில் தகவல் எவ்வளவு நெருக்கமாக எழுதப்பட்டிருக்கிறது என்பதும் சேர்ந்துதான் வேகம். அடர்த்தி கூடிய புதிய 5400 டிஸ்க், பழைய 7200 டிஸ்க்கை நகலெடுப்பில் முந்தலாம். ஆக, பெட்டியில் உள்ள ஆர்பிஎம் எண்ணை வைத்து இரண்டு டிஸ்க்கை ஒப்பிடவே முடியாது.

1 டிபி, 2 டிபி அளவுள்ள 2.5 இஞ்ச் டிஸ்க்குகள் பலவற்றில் தடங்கள் ஓடு வேய்ந்ததுபோல் ஒன்றன் மேல் ஒன்று பாதி ஏறி இருக்கும். படிக்கும்போது தெரியாது. ஏற்கெனவே இருப்பதை அழித்து எழுதும்போது பக்கத்துத் தடங்களையும் திரும்ப எழுத வேண்டியிருப்பதால் வேகம் சரிந்துவிடும். விண்டோஸ் ஓட்ட இது மிக மோசமான டிஸ்க். பேக்கப் எடுத்து வைக்க ஒன்றும் குறையில்லை.

வேகத்தை விட்டுவிட்டாலும் எனக்கு இன்னொரு கவலை உண்டு. ஹார்ட் டிஸ்கில் முனைக்கும் தகட்டுக்கும் இடையே இருக்கும் இடைவெளி சில நானோமீட்டர்தான். லேப்டாப்பை ஷட் டவுன் செய்யாமல் மூடிப் பைக்குள் போட்டு, டவுன் பஸ்ஸில் நின்றபடி போகும் மாணவரின் டிஸ்க் ஓடிக்கொண்டே குலுங்குகிறது. இறுதியாண்டு புராஜெக்ட் அதில் இருக்கிறது. இந்த ஒரு காரணமே எனக்குப் போதும்.

3. உங்கள் லேப்டாப்பில் எது நுழையும்?

வாங்கும் முன் செய்ய வேண்டிய மிக முக்கியமான வேலை இது. பணம் வீணாகும் இடமும் இதுதான்.

நான்கு வகை உண்டு. முதலாவது, 2.5 இஞ்ச் சாட்டா. சாட்டா என்பது டிஸ்க்கை மதர்போர்டோடு இணைக்கும் பழைய முறை. ஹார்ட் டிஸ்க் இருக்கும் அதே இடத்தில் அதே அளவில் உட்காரும். தமிழக அரசு 2011 முதல் வழங்கிய விலையில்லா மடிக்கணினிகளில் பெரும்பாலானவை இந்த வகை டிஸ்க்கோடு வந்தவை. அவற்றுக்கு 2.5 இஞ்ச் சாட்டா எஸ்எஸ்டி வாங்கினால் போதும், யோசிக்க அதிகம் இல்லை.

இரண்டாவதும் மூன்றாவதும் எம்.2 என்ற நீளமான அட்டை வடிவம். குழப்பம் இங்கேதான். எம்.2 என்பது வடிவத்தின் பெயர் மட்டும். அந்த வடிவத்தில் சாட்டாவும் வரும், என்விஎம்இ என்ற புதிய, வேகமான இணைப்பு முறையும் வரும். சில ஸ்லாட்கள் இரண்டையும் ஏற்கும், சில ஒன்றை மட்டும். அட்டை ஸ்லாட்டில் கச்சிதமாக நுழைந்துவிடும். லேப்டாப் அதைக் காணவே காணாது. அட்டை உட்கார்ந்துவிட்டதே, ஏன் தெரியவில்லை என்று தலையைப் பிய்த்துக்கொள்பவர்களில் பலருக்கு நடந்தது இதுதான்.

நீளத்தையும் பாருங்கள். 2280 என்றால் 22 மில்லிமீட்டர் அகலம், 80 நீளம். 2242, 2230 என்று குட்டையானவையும் உண்டு. குட்டை இடத்தில் நீள அட்டை உட்காராது.

நான்காவது, இஎம்எம்சி. விலை குறைந்த லேப்டாப்களில் 64 அல்லது 128 ஜிபி மெமரி மதர்போர்டிலேயே பற்றவைக்கப்பட்டு வரும். அதைக் கழற்றி மாற்ற முடியாது.

இதையெல்லாம் எங்கே பார்ப்பது? லெனோவோ, டெல், ஹெச்பி போன்ற கம்பெனிகள் தங்கள் லேப்டாப்களுக்கான சர்வீஸ் மேனுவலை இணையத்தில் இலவசமாகத் தருகின்றன. மாடல் எண்ணைப் போட்டுத் தேடினால் எந்த ஸ்லாட், எந்த நீளம், எத்தனை ஸ்க்ரூ எல்லாம் படத்தோடு இருக்கும். கடைக்காரர் சொல்வதைவிட இதை நம்புங்கள். அவர் கையில் இருக்கும் சரக்கு எது என்பதும் அவர் பதிலில் கலந்துவிடும்.

2.5 இஞ்ச் எஸ்எஸ்டி பெரும்பாலும் 7 மில்லிமீட்டர் தடிமன். பழைய லேப்டாப்பின் இடம் 9.5 ஆக இருக்கலாம். அப்போது ஆடாமல் இருக்க ஒரு பிளாஸ்டிக் சட்டம் வைக்க வேண்டும். சில எஸ்எஸ்டிகளின் பெட்டியிலேயே இருக்கும். ஆடினால் கனெக்டர் நாளடைவில் தளரும்.

பழைய லேப்டாப்பின் சாட்டா இரண்டாம் தலைமுறையாக இருந்தால் வினாடிக்கு 270 எம்பி அளவில் நின்றுவிடும். மூன்றாம் தலைமுறையில் 550 வரை போகும். இதற்காகப் பின்வாங்க வேண்டாம். நாம் குறைக்க நினைத்தது காத்திருப்பை. அது இரண்டிலும் ஒரே அளவு குறையும்.

4. எத்தனை ஜிபி?

பெட்டியில் 256 என்று இருப்பது விண்டோஸில் 238 ஆகவும், 512 என்று இருப்பது 476 ஆகவும் தெரியும். கம்பெனி ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறது, விண்டோஸ் 1024 ஆக எண்ணுகிறது. ஏமாற்று இல்லை. ஆனால் திட்டமிடும்போது சின்ன எண்ணையே கணக்கில் எடுங்கள்.

அதில் 15 முதல் 20 சதவீதம் காலியாக இருக்க வேண்டும். எழுதிய இடத்தை எஸ்எஸ்டி அப்படியே மேலெழுத முடியாது. முதலில் அழித்து, பிறகு எழுதும். காலி இடம் இருந்தால்தான் இந்த வேலையை ஓய்வு நேரத்தில் முடித்து வைக்கும். நிரம்பி வழியும் எஸ்எஸ்டி எழுதும்போது திணறுவது இதனால்தான்.

பி.காம், பி.ஏ. படிக்கும் மாணவருக்கு 256 போதும். கம்ப்யூட்டர் சயின்ஸ் என்றால் ஆண்ட்ராய்டு ஸ்டுடியோ, எமுலேட்டர், ஒரு வெர்ச்சுவல் மெஷின் சேர்ந்தாலே பாதி போய்விடும், 512 வாங்குங்கள். மெக்கானிக்கல், சிவில், ஆர்க்கிடெக்சர் மாணவர்களுக்கும் அதுவேதான். விஷுவல் கம்யூனிகேஷன் மாணவர்கள் வீடியோ தொகுப்பார்கள். 1 டிபி பாருங்கள், முடியாவிட்டால் 512-உம் வெளியே ஒரு ஹார்ட் டிஸ்க்கும்.

5. எஸ்எஸ்டியில் எந்த எண்ணைப் பார்ப்பது

ஆர்பிஎம்மை விட்டு வெளியே வந்தவர்கள் அடுத்து விழும் பள்ளம், வினாடிக்கு எத்தனை எம்பி என்ற எண். 3500, 7000 என்று பெட்டியில் பெரிதாகப் போட்டிருக்கும். அதுவும் பெரிய ஃபைலை வரிசையாகப் படிக்கும் வேகம்தான். வேர்டும் பிரௌசரும் கோடிங்கும் செய்யும் மாணவருக்கு அந்த இரண்டுக்கும் இடையே வித்தியாசம் தெரியாது. அந்தப் பணத்தைக் கொள்ளளவிலோ ரேமிலோ போடுங்கள்.

பார்க்க வேண்டியது வேறு. டிஎல்சி வகையா, க்யூஎல்சி வகையா என்று கேளுங்கள். க்யூஎல்சி, தகவலைச் சேமிக்கும் ஒரு செல்லில் 4 பிட் வைக்கிறது, டிஎல்சி 3 பிட். க்யூஎல்சி மலிவு; ஆனால் நீண்ட நேரம் தொடர்ந்து எழுதினால் மெதுவாகிவிடும், எழுதித் தாங்கும் அளவும் குறைவு. விலை வித்தியாசம் கொஞ்சம்தான் என்றால் டிஎல்சியே நல்லது.

வாரண்டி எத்தனை வருடம், எத்தனை டெராபைட் எழுதும்வரை என்பது அடுத்தது. இந்த இரண்டாவது எண்ணை டிபிடபிள்யூ என்று குறிப்பார்கள். மாணவர் பயன்பாட்டில் இதைத் தொடுவது அரிது. ஆனால் இந்த எண்ணையே வெளியிடாத எஸ்எஸ்டியை வாங்காதீர்கள்.

சென்னை ரிச்சி தெருவில் வாங்கினாலும் ஆன்லைனில் வாங்கினாலும், சீரியல் எண் எழுதிய பில் வேண்டும். அந்த எண்ணைக் கம்பெனியின் தளத்தில் போட்டு வாரண்டி ஓடுகிறதா என்று அன்றே பாருங்கள். நம்ப முடியாத விலையில் கிடைக்கும் 2 டிபி வெளி எஸ்எஸ்டிகளைத் தொடவே வேண்டாம். உள்ளே சின்ன மெமரி கார்டை வைத்து, 2 டிபி என்று பொய் சொல்லும்படி செய்திருப்பார்கள். கொள்ளளவு முடிந்த பிறகும் எழுதுவதுபோலவே காட்டும்; திறந்து பார்த்தால் ஃபைல் இருக்காது.

6. புது லேப்டாப் வாங்குபவர்கள் விவரப் பட்டியலில் பார்க்க வேண்டியது

1 டிபி ஹார்ட் டிஸ்க் உள்ளதும் 256 ஜிபி எஸ்எஸ்டி உள்ளதும் ஒரே விலையில் இருந்தால், எண் பெரிது என்று முதலாவதை எடுக்காதீர்கள். இரண்டாவதுதான் சரி. இடம் பிறகு கூட்டிக்கொள்ளலாம்.

எஸ்எஸ்டி என்று எழுதாமல் வெறும் ஸ்டோரேஜ் 128 ஜிபி என்று இருந்தால் இஎம்எம்சியா என்று கேளுங்கள். இரண்டாவது எம்.2 ஸ்லாட் காலியாக இருக்கிறதா, ரேம் பற்றவைக்கப்பட்டதா, கழற்றக்கூடியதா என்பதையும் கேளுங்கள். நான்கு வருடப் படிப்பில் மூன்றாம் வருடம் இது தேவைப்படும்.

7. கழற்றும் முன்: பேக்கப், ரெக்கவரி கீ

ஃபைல்களை வெளி டிஸ்கில் நகலெடுத்து, வேறு ஒரு கம்ப்யூட்டரில் செருகி, நான்கைந்தைத் திறந்து பாருங்கள். திறந்து பார்க்காத பேக்கப்பை பேக்கப் என்று நான் எண்ணுவதில்லை. டெஸ்க்டாப், டவுன்லோட்ஸ் இரண்டையும் மறப்பவர்கள் நிறைய. புராஜெக்ட் பெரும்பாலும் அங்கேதான் கிடக்கும். பழைய யுஎஸ்பி 2.0 போர்ட் வழியாக 200 ஜிபி நகலெடுக்க ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகும், அதற்கேற்ப உட்காருங்கள்.

புதிய லேப்டாப்களில் பிட்லாக்கர் என்ற விண்டோஸின் டிஸ்க் பூட்டு தானாகவே போடப்பட்டிருக்கலாம். அதன் 48 இலக்க ரெக்கவரி கீ உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். அதைத் தாளில் எழுதி வைத்துக்கொண்டு, பிறகு பூட்டை எடுத்துவிடுங்கள். கீ இல்லாமல் பூட்டிய டிஸ்கைக் கழற்றினால் உள்ளே இருப்பதை யாராலும் எடுத்துத் தர முடியாது.

வாரண்டியில் உள்ள லேப்டாப் என்றால், மூடியைத் திறப்பதால் வாரண்டி பாதிக்குமா என்று கம்பெனியிடம் கேட்டுவிட்டுத் தொடருங்கள். 9-ல் சொல்லியிருக்கும் பென் டிரைவையும் இப்போதே, கழற்றும் முன், தயார் செய்துவிடுங்கள்.

8. பொருத்துவது

சார்ஜரை எடுத்து, முழுவதும் ஷட் டவுன் செய்யுங்கள், ஸ்லீப் போதாது. ரப்பர் பாதங்களுக்கு அடியிலும் ஸ்க்ரூ ஒளிந்திருக்கும். மூடி வராவிட்டால் பலத்தைக் கூட்டாதீர்கள், எங்கோ ஒரு ஸ்க்ரூ மீதம் இருக்கிறது. ஸ்க்ரூக்கள் நீளம் மாறும் என்பதால், எடுத்த இடத்தின் படத்தைத் தாளில் வரைந்து அந்தந்த இடத்தில் வையுங்கள். நீளமான ஸ்க்ரூவைக் குட்டைக் குழியில் முறுக்கினால் கீபோர்டு வரை குத்திவிடும்.

திறந்ததும் முதல் வேலை, பேட்டரி கனெக்டரைக் கழற்றுவது. எம்.2 அட்டையை 30 டிகிரி சாய்வில் நுழைத்து, பிறகு மெதுவாகப் படுக்கவைத்து ஸ்க்ரூ போடுங்கள். 2.5 இஞ்ச் என்றால் பழைய டிஸ்கின் இரும்புச் சட்டத்தைக் கழற்றிப் புதியதற்கு மாட்ட மறக்காதீர்கள்.

9. குளோன் செய்வதா, புதிதாகப் போடுவதா?

குளோன் என்றால் பழைய டிஸ்கில் இருப்பதை அப்படியே புதியதற்கு நகலெடுப்பது. எனக்கு விண்டோஸைப் புதிதாகப் போடுவதுதான் பிடிக்கும். பழைய குப்பை கூடவே வராது, அளவுச் சிக்கலும் இல்லை. 1 டிபி டிஸ்க்கை 256 ஜிபிக்குக் குளோன் செய்யப் பார்த்து மாட்டிக்கொள்பவர்கள் அநேகம். குளோன்ஜில்லா போன்ற கருவி, இலக்கு டிஸ்க் சின்னதாக இருந்தால் இயல்பாக ஏற்காது.

மைக்ரோசாஃப்டின் மீடியா கிரியேஷன் டூலால் விண்டோஸ் இன்ஸ்டால் செய்யும் பென் டிரைவைத் தயார் செய்யுங்கள். இதைப் பழைய டிஸ்கைக் கழற்றும் முன்பே செய்ய வேண்டும், இல்லாவிட்டால் இன்னொரு கம்ப்யூட்டர் தேட வேண்டும். டிஜிட்டல் லைசன்ஸ் மதர்போர்டோடு சேர்ந்தது. அதே பதிப்பைப் போட்டு இணையத்தில் இணைந்தால் தானாக ஆக்டிவேட் ஆகும்.

11-ஆம் தலைமுறை இன்டெல் முதல் சில லேப்டாப்களில் இன்ஸ்டால் திரை எந்த டிஸ்கையும் காட்டாது. எஸ்எஸ்டி கெட்டுப்போனது என்று திருப்பிக் கொடுக்க ஓடாதீர்கள். டிஸ்க்கை விண்டோஸுக்குக் காட்டும் இன்டெல் ஆர்எஸ்டி டிரைவரைப் பென் டிரைவில் போட்டு, லோட் டிரைவர் என்பதை அழுத்தினால் தெரியும்.

பழைய அரசு லேப்டாப்களுக்கு ஒரு வார்த்தை. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 14 அக்டோபர் 2025-ல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11, இன்டெலில் 8-ஆம் தலைமுறைக்கு முந்தைய பிராசசர்களில் பெரும்பாலானவற்றை ஏற்பதில்லை. எஸ்எஸ்டி போட்ட கையோடு, விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுப் பாருங்கள். பைத்தான், சி, லிப்ரே ஆஃபிஸ், பிரௌசர் எல்லாம் நன்றாக ஓடும். தேர்வுக்கோ பாடத்துக்கோ விண்டோஸில் மட்டும் ஓடும் மென்பொருள் வேண்டுமா என்று துறையில் கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

10. சரியாக வேலை செய்கிறதா?

டிஸ்க் வேகத்தை அளக்கும் கிரிஸ்டல்டிஸ்க்மார்க்கை ஓட்டி, மேலே உள்ள பெரிய எண்களை விட்டுவிட்டு, கடைசி வரிசையைப் பாருங்கள்; அது 4 கேபி துண்டுகளை ஒவ்வொன்றாகப் படிக்கும் சோதனை. ஹார்ட் டிஸ்கில் வினாடிக்கு 1 எம்பிக்கும் கீழே நிற்கும். எஸ்எஸ்டியில் 20-க்கு மேல் வர வேண்டும். வராவிட்டால் பயாஸில் (விண்டோஸ் வரும் முன் திறக்கும் அமைப்புத் திரை) சாட்டா முறை ஏஹெச்சிஐ ஆக இருக்கிறதா என்று பாருங்கள். ஆனால் விண்டோஸ் போட்ட பிறகு இதைச் சும்மா மாற்றினால் லேப்டாப் ஆன் ஆகாமல் போகலாம், ஆகவே 9-க்கு முன்பே ஒருமுறை பார்த்து வைப்பது நல்லது.

ஹார்ட் டிஸ்கில் சிதறிய ஃபைல்களை ஒழுங்குபடுத்தும் டிஃப்ராக் மென்பொருள் எதையும் நிறுவ வேண்டாம். விண்டோஸே எஸ்எஸ்டி என்று தெரிந்துகொண்டு, அழித்த ஃபைல்களின் இடத்தை அதற்குத் தெரிவிக்கும் டிரிம் வேலையைச் செய்யும்.

11. கழற்றிய ஹார்ட் டிஸ்க்

உடல்நிலை பச்சையாக இருந்தால் யுஎஸ்பி 3.0 உறை ஒன்று வாங்கிப் போட்டு பேக்கப் டிஸ்க் ஆக்குங்கள். ஆனால் குறைந்தது ஒரு மாதம் அதில் எதையும் அழிக்காதீர்கள். மறந்த ஃபைல் ஏதாவது அதில்தான் இருக்கும். மஞ்சள் காட்டிய டிஸ்க்கை பேக்கப்புக்கும் வைக்காதீர்கள்.

விற்கவோ யாருக்காவது கொடுக்கவோ போகிறீர்கள் என்றால், க்விக் ஃபார்மட் செய்தால் ஃபைல்களின் பட்டியல்தான் போகும், ஃபைல்கள் தகட்டில் அப்படியே இருக்கும். விண்டோஸ் ஃபார்மட் திரையில் க்விக் என்பதன் டிக்கை எடுத்துவிட்டு முழு ஃபார்மட் கொடுங்கள். 500 ஜிபிக்குச் சில மணி நேரம் ஆகும், இரவு போட்டுவிட்டுக் காலையில் பாருங்கள்.